பூஜ்யத்தை எண்ணாதீங்க... பொருளை நினையுங்க!



உங்கள் கணக்கு நோட்டில் இப்படி ஒரு கேள்வி கட்டாயம் வந்திருக்கும்: '3 கிலோகிராம் என்பது எத்தனை மில்லிகிராம்?'

உடனே என்ன செய்கிறீர்கள்? 3 என்று எழுதிவிட்டு, பக்கத்தில் பூஜ்யங்களை வரிசையாகப் போட ஆரம்பிக்கிறீர்கள். மூன்று பூஜ்யமா, ஆறா, ஒன்பதா? சந்தேகம் வந்ததும் பக்கத்தில் இருக்கும் நண்பனின் நோட்டை ஓரக்கண்ணால் பார்க்கிறீர்கள். அவனோ அதே சந்தேகத்தோடு உங்கள் நோட்டைப் பார்த்துக் கொண்டிருக்கிறான்!

கடைசியில் ஏதோ ஒரு விடை. சரியாக இருந்தால் 'டிக்'. தவறாக இருந்தால் சிவப்பு மையில் ஒரு சுழி. அடுத்த பாடம் வந்ததும் எல்லாம் மறந்து போகும்.

இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. எடை அலகுகளை மாற்றுவது, பூஜ்யம் ஒட்டும் வேலை அல்ல. எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம், அது எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. மார்க் மட்டும் அல்ல, மனிதர்களின் உடல்நலமும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது. அதற்குச் சாட்சி, உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. அது எது என்று பிறகு சொல்கிறேன்.

ஐந்து படி போதும்!

கிலோகிராம், ஹெக்டோகிராம், டெகாகிராம், கிராம், டெசிகிராம், சென்டிகிராம், மில்லிகிராம்... பாடப் புத்தகத்தில் உள்ள இந்த வரிசையைத் தேர்வுக்காகப் படித்துக் கொள்ளுங்கள். ஆனால், நடைமுறையில் இவற்றில் பல, வெளியே தலை காட்டுவதே இல்லை. மளிகைக் கடைக்குப் போய், 'அண்ணாச்சி, ரெண்டு ஹெக்டோகிராம் துவரம் பருப்பு கொடுங்க' என்று கேட்டுப் பாருங்கள். 'இருநூறு கிராம்' என்று சொன்னால்தான் பருப்பு கிடைக்கும்!

நாம் மனதில் பதிய வைக்க வேண்டிய அலகுகள் ஐந்துதான். டன், கிலோகிராம், கிராம், மில்லிகிராம், மைக்ரோகிராம். இவை ஒரு மாடிப்படி மாதிரி. ஒவ்வொரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே சரியாக ஆயிரம் மடங்கு. நெல் கொள்முதல் நிலையங்களில் பேசப்படும் குவிண்டால் மட்டும் இந்தப் படிகளுக்கு நடுவே நிற்கும். அது 100 கிலோ.

இந்த ஐந்து படிகளையும் தண்ணீரை வைத்தே ஞாபகம் வைக்கலாம்.

மொட்டை மாடியில் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி பார்த்திருப்பீர்கள். அது நிரம்பியிருந்தால், உள்ளே இருக்கும் தண்ணீரின் எடை 1 டன்.

பள்ளிக்கு எடுத்துப் போகும் 1 லிட்டர் பாட்டிலில் உள்ள தண்ணீர், 1 கிலோ.

அதிலிருந்து 1 மில்லிலிட்டர், அதாவது ஏறத்தாழ 20 சொட்டுத் தண்ணீர் எடுத்தால், 1 கிராம்.

அப்படியானால் ஒரு சொட்டு 50 மில்லிகிராம். அந்த ஒரு சொட்டை 50 பங்காகப் பிரித்தால், ஒரு பங்கு 1 மில்லிகிராம். ராத்திரி தூங்க விடாமல் காதருகே பாட்டுப் பாடுகிறதே கொசு, அதன் எடை சுமார் 2 மில்லிகிராம்தான்!

அந்த 1 மில்லிகிராமை மறுபடியும் ஆயிரம் பங்காகப் பிரித்தால், ஒரு பங்கு 1 மைக்ரோகிராம். இதைக் கண்ணால் பார்ப்பதே கடினம். ஆனால், தூள் உப்பின் ஒரே ஒரு துகளை விரல் நுனியில் ஒட்டிப் பாருங்கள். அதன் ஒரு பக்கம் 0.3 மில்லிமீட்டர் இருந்தால், எடை சுமார் 60 மைக்ரோகிராம் இருக்கும்.

இனி, பெருக்குவதா வகுப்பதா என்ற குழப்பம். 100 ரூபாய் நோட்டைக் கொடுத்து, ஒரு ரூபாய் நாணயங்களாக மாற்றுகிறீர்கள். கையில் நாணயங்களின் எண்ணிக்கை கூடுகிறது. பணம் கூடுகிறதா? இல்லையே! எடையிலும் அப்படித்தான். பெரிய அலகைச் சிறிய அலகாக மாற்றினால் எண் பெரிதாகும். சிறிய அலகைப் பெரிய அலகாக மாற்றினால் எண் சிறிதாகும். பொருள் அதேதான்.

இப்போது 3 கிலோ கணக்கைப் பாருங்கள். கிலோவிலிருந்து மில்லிகிராமுக்கு இரண்டு படி இறங்க வேண்டும். ஆயிரம் மடங்கு, அதற்கும் ஆயிரம் மடங்கு. அதாவது 10 லட்சம் மடங்கு. எனவே, 3 கிலோ என்பது 30 லட்சம் மில்லிகிராம். நண்பனின் நோட்டு இனி தேவைப்படாது.

உப்புப் பாக்கெட் சொல்லும் கதை

சாட்சி இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? அது, சமையலறையில் உள்ள உப்புப் பாக்கெட். அதில் அயோடின் கலந்த உப்பு என்று எழுதியிருக்கும். அயோடின் எதற்கு?

நம் கழுத்தின் முன்பக்கத்தில், வண்ணத்துப்பூச்சி போன்ற வடிவில் தைராய்டு என்ற சுரப்பி இருக்கிறது. உடல் வளரவும் மூளை வளரவும் இது சுரக்கும் ஹார்மோன்கள் தேவை. அந்த ஹார்மோன்களைத் தயாரிக்க அயோடின் வேண்டும். அயோடின் போதாவிட்டால் சுரப்பி வீங்கி, கழுத்தில் கழலை வரும். தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அயோடின் கிடைக்காவிட்டால், அதன் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும்.

மலைப்பகுதிகளில் மழையும் பனியும் மண்ணிலுள்ள அயோடினை அரித்துக் கொண்டு போய்விடும். அந்த மண்ணில் விளைவதைச் சாப்பிடுகிறவர்களுக்கு அயோடின் போதாது. இன்றைய இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள காங்கிரா பள்ளத்தாக்கில், ஏராளமானவர்கள் கழலையோடு வாழ்ந்தார்கள். 1956ல் டாக்டர் ராமலிங்கசுவாமி என்ற மருத்துவ விஞ்ஞானியும் அவரது குழுவினரும் அங்கே ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினர். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு. ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், அயோடின் உப்பு சாப்பிட்ட பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்திருந்தது. சாதாரண உப்பு சாப்பிட்ட பகுதியில் குறையவில்லை. அதன் பிறகு அந்தப் பகுதிக்கும் அயோடின் உப்பே கொடுக்கப்பட்டது.

1962ல் கழலை நோயைத் தடுக்கும் தேசியத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. 2006ம் ஆண்டு மே மாதம் 17ம் தேதி முதல், மக்கள் நேரடியாகச் சாப்பிடும் உப்பை அயோடின் இல்லாமல் விற்பதற்கு நாடு முழுவதும் தடை வந்தது.

சரி, உப்பில் எவ்வளவு அயோடின் இருக்க வேண்டும்? கடையில் விற்கும்போது, பத்து லட்சம் பங்கு உப்பில் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. 'பத்து லட்சத்தில் 15' என்றால் தலை சுற்றுகிறதா? நம் மாடிப்படிக்கு வாருங்கள்.

1 கிலோ உப்பில் 15 மில்லிகிராம் அயோடின்.

ஒரு படி இறங்குவோம். 1 கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம் அயோடின்.

ஒரு படி ஏறுவோம். 1 டன் உப்பில் 15 கிராம் அயோடின்.

கவனித்தீர்களா? 15 என்ற எண் அசையவே இல்லை! உப்பின் அலகு ஒரு படி ஏறினால், அயோடினின் அலகும் ஒரு படி ஏறுகிறது. தூத்துக்குடி உப்பளத்திலிருந்து ஒரு லாரி 20 டன் உப்பு ஏற்றிக் கொண்டு புறப்படுவதாக வைத்துக் கொள்ளுங்கள். அந்த லாரி முழுவதிலும் இருக்க வேண்டிய அயோடின் குறைந்தது 300 கிராம். லாரி கொள்ளாத உப்புக்குள், ஒரு சின்னப் பொட்டலம் அளவு!

ஒரு மாநிலமே பத்தே முக்கால் கிலோவில்!

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் அயோடின் 150 மைக்ரோகிராம். 6 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கு 120 மைக்ரோகிராம். 150 மைக்ரோகிராம் என்றால், இரண்டரை உப்புத் துகளின் எடை. அவ்வளவேதான்!

இதை ஒரு வருடத்துக்குக் கணக்குப் போடுவோம். 150ஐ 365ஆல் பெருக்கினால் 54,750 மைக்ரோகிராம். ஒரு படி ஏற்றினால் 54.75 மில்லிகிராம். நம் கணக்குப்படி ஒரு சொட்டுத் தண்ணீர் 50 மில்லிகிராம் அல்லவா? அதைவிடக் கொஞ்சம்தான் கூட.

70 வருடத்துக்கு? சுமார் 3,830 மில்லிகிராம். மறுபடியும் ஒரு படி ஏற்றினால் 3.83 கிராம். ஒரு தேக்கரண்டித் தண்ணீரே 5 கிராம் எடை இருக்கும். ஆக, ஒரு மனிதர் ஆயுள் முழுவதும் மூளையும் உடலும் நன்றாக இருக்கத் தேவைப்படும் அயோடின், ஒரு தேக்கரண்டித் தண்ணீரின் எடைகூட இல்லை!

இனி பெரிய கணக்கு. 2011ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் சுமார் 7 கோடியே 20 லட்சம் பேர். எல்லோருக்கும் 150 மைக்ரோகிராம் என்றே வைத்துக் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 1,080 கோடி மைக்ரோகிராம்.

'அம்மாடியோவ், ஆயிரத்து எண்பது கோடியா!' என்று பயப்படாதீர்கள். மைக்ரோகிராமிலிருந்து கிலோவுக்கு மூன்று படி ஏற வேண்டும். ஆயிரத்தை மூன்று முறை பெருக்கினால் 100 கோடி. 1,080 கோடியை 100 கோடியால் வகுத்தால், 10.8.

ஆம் குட்டீஸ்... ஒட்டுமொத்தத் தமிழகத்துக்கும் ஒரு நாளைக்குத் தேவைப்படும் அயோடின், பத்தே முக்கால் கிலோ சொச்சம்தான். 25 கிலோ அரிசி மூட்டையில் பாதிகூட இல்லை. ஒரு வருடத்துக்குப் பார்த்தாலும் 3,942 கிலோ. நாலு டன்னுக்கும் குறைவு. ஒரே ஒரு லாரியில் அடங்கிவிடும்.

இந்த உண்மை, பூஜ்யங்களை எண்ணிக் கொண்டிருந்தால் தெரியாது. மைக்ரோகிராமில் தொடங்கி டன் வரை நாமே படியேறியதால் தெரிந்தது. கணக்கெடுப்புப் புத்தகத்தில் இருக்கும் ஓர் எண்ணையும், ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் அயோடின் அளவையும் சேர்த்து, ஒரு மாநிலத்தின் தேவையை உங்கள் நோட்டில் ஒரே பக்கத்தில் கண்டுபிடித்து விட்டீர்கள். இதைத்தான் அலகு மாற்றத்தின் பயன் என்கிறேன்.

ஒரு விஷயம். 'அப்படியானால் நிறைய உப்பு சாப்பிடலாமா?' என்று கேட்கக் கூடாது. பெரியவர்களே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு சேர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பால், முட்டை, மீன் ஆகியவற்றிலும் அயோடின் கிடைக்கும்.

ஒரு படி தவறினால்...

உப்புத் தொழிற்சாலையில், '1 டன்னுக்கு 15 கிராம்' என்று எழுத வேண்டிய இடத்தில், யாரோ '15 கிலோ' என்று எழுதிவிட்டால்? அயோடின் ஆயிரம் மடங்கு கூடிவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்களே, அந்தக் கதைதான். '15 மில்லிகிராம்' என்று எழுதிவிட்டால்? ஆயிரம் மடங்கு குறைந்துவிடும். பாக்கெட்டில் பெயர் இருக்கும், பயன் இருக்காது. இரண்டிலும் எண் சரிதான். அலகுதான் தவறு.

மருந்தில் இது இன்னும் முக்கியம். காய்ச்சலுக்குத் தரும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றில் 500 மில்லிகிராம் மருந்து இருக்கும். தைராய்டு குறைபாட்டுக்குத் தரும் மாத்திரையில் 50 மைக்ரோகிராம் இருக்கும். 500க்கும் 50க்கும் பத்து மடங்குதானே வித்தியாசம் என்று நினைத்தால் தவறு! 500 மில்லிகிராம் என்பது 5 லட்சம் மைக்ரோகிராம். அதை 50ஆல் வகுத்தால், பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். அந்தத் தைராய்டு மாத்திரையை யாராவது '50 மில்லிகிராம்' என்று படித்துவிட்டால், அது ஆயிரம் மாத்திரைக்குச் சமம்.

மைக்ரோகிராமைக் குறிக்க, 'மியூ' என்ற கிரேக்க எழுத்தைப் போடுவது அறிவியல் வழக்கம். ஆனால், அவசரக் கையெழுத்தில் அது ஆங்கில 'எம்' மாதிரி தெரிந்து, மில்லிகிராம் என்று படிக்கப்படும் அபாயம் உண்டு. அதனால்தான் மாத்திரை அட்டைகளில் 'எம்.சி.ஜி.' என்று எழுதுகிறார்கள். பெரியவர்கள் அருகில் இருக்கும்போது, அட்டையை மட்டும் வாங்கிப் படித்துப் பாருங்கள். மாத்திரையில் கை வைக்கக் கூடாது, சரியா?

'இத்தனை சின்ன எடைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?' என்று சிலர் கேட்கலாம். விஞ்ஞானிகளின் கதையைக் கேளுங்கள். 1889ம் ஆண்டு முதல், பாரிஸ் நகரின் அருகே செவர் என்ற இடத்தில், பிளாட்டினம், இரிடியம் கலந்த ஓர் உலோக உருளையைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். அதன் எடைதான் உலகத்துக்கே ஒரு கிலோ. அதைப் போலவே செய்த நகல்களோடு ஒப்பிட்டபோது, சுமார் நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்திருப்பது தெரிந்தது. நம் உப்புத் துகள் ஒன்றின் எடைகூட இல்லை! ஆனாலும் விஞ்ஞானிகள் அதைச் சும்மா விடவில்லை. மாறாத ஓர் இயற்கை எண்ணை வைத்துக் கிலோவுக்குப் புதிய விளக்கம் தந்தார்கள். 'பிளாங்க் மாறிலி' என்று அதற்குப் பெயர். 2019ம் ஆண்டு மே 20 முதல் அதுவே நடைமுறையில் இருக்கிறது.

போன் இருக்கே!

'செல்போனில் தட்டினால் நொடியில் மாற்றிக் கொடுக்குமே, நாங்கள் ஏன் கஷ்டப்பட வேண்டும்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. போன் தவறாக வகுக்காது என்பது உண்மைதான். ஆனால், மைக்ரோகிராம் என்பதற்குப் பதில் மில்லிகிராம் என்று நீங்கள் தட்டினால், 'தம்பி, இது நடக்கிற காரியமா?' என்று அது கேட்காது. ஒரு மனிதருக்கு ஆயிரம் மாத்திரை என்றாலும் அமைதியாக விடை காட்டும். 'இருக்காதே, எங்கேயோ இடிக்கிறதே' என்று சந்தேகப்பட உங்களால்தான் முடியும். அந்தச் சந்தேகம் வர வேண்டுமானால், ஒரு மைக்ரோகிராம் எவ்வளவு, ஒரு டன் எவ்வளவு என்று மனதில் ஒரு படம் இருக்க வேண்டும்.

அதனால், இன்றிலிருந்தே நான்கு பழக்கங்களைக் கடைப்பிடியுங்கள்.

அலகு இல்லாமல் விடையை எழுதாதீர்கள். வெறும் 15 என்றால் அது 15 டன்னா, 15 மைக்ரோகிராமா?

மாற்றத் தொடங்கும் முன், 'எண் பெரிதாக வேண்டுமா, சிறிதாக வேண்டுமா?' என்று ஒரு முறை கேட்டுக் கொள்ளுங்கள்.

புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போடுங்கள். வெறும் '.5' என்று எழுதினால், புள்ளி மங்கி 5 ஆகிவிடும். '0.5' என்று எழுதுங்கள். அதேபோல், 5 என்று எழுத வேண்டிய இடத்தில் '5.0' என்று எழுதினால், அது 50 ஆகத் தெரியலாம்.

விடை வந்ததும், அந்த எடைக்கு ஒரு பொருளை நினைத்துப் பாருங்கள். ஒரு கொசுவின் எடை 2 கிலோ என்று விடை வந்தால், கணக்கை மறுபடி போட வேண்டும்... அல்லது வீட்டை விட்டு ஓட வேண்டும்!

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அத்தனை பேருக்கும் ஒரு வருடத்துக்கு எத்தனை மில்லிகிராம் அயோடின் வேண்டும்? உங்கள் பள்ளிக்கு எத்தனை கிராம் வேண்டும்? உங்கள் ஊருக்கு? கணக்குப் போட்டு, திங்கட்கிழமை ஆசிரியரிடம் காட்டுங்கள். மறக்காமல் அலகையும் எழுதுங்கள், குட்டீஸ்!